புது பெடல் போட்ட பிறகும் திரும்பி வந்த பி2138: ஆக்ஸிலரேட்டர் பெடல் சென்சார் கோளாறு, நிகழ்வு ஆய்வு

வந்த புகார்

பெட்ரோல் என்ஜின், மேனுவல் கியர், கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் திடீரென ரேஸ் ஏறுவதில்லை. செக் என்ஜின் விளக்கு எரிகிறது. பெடலை முழுக்க மிதித்தாலும் வண்டி ஊர்ந்துதான் போகிறது. ஓரம் கட்டி, சாவியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. ஒரே நாளில் இரண்டு முறை வரும். அப்புறம் பத்து நாள் எட்டிக்கூடப் பார்க்காது. பெரும்பாலும் குண்டும் குழியுமான சாலையில், மெதுவான வேகத்தில், பெடலை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும்போது வருகிறது.

இதற்கு முன் இரண்டு வேலைகள் நடந்திருந்தன. முதலில் த்ராட்டில் பாடியை (என்ஜினுக்குள் போகும் காற்றைத் தகடு திறந்து மூடிக் கட்டுப்படுத்தும் பாகம்) சுத்தம் செய்தார்கள். மாற்றம் எதுவும் இல்லை. அடுத்து ஆக்ஸிலரேட்டர் பெடலையே புதிதாக மாற்றினார்கள். ஏறக்குறைய 6 வாரம் ஒரு தொல்லையும் இல்லை, அதன் பிறகு அதே கோளாறு, அதே கோடு (வண்டியின் கணினி பதிவு செய்யும் பழுது எண்): பி2138. இவற்றுக்கெல்லாம் முன்பு வண்டியில் தனியாக ஒரு அலாரம் பொருத்தப்பட்டிருந்தது. அதைக் கேட்டபோதுதான் சொன்னார்கள். யாரும் அதைக் கோளாறோடு சேர்த்து நினைக்கவில்லை.

அந்த 6 வாரம்தான் இந்த வழக்கின் முதல் தடயம். புது பெடல் வேலை செய்திருக்கிறது என்று அதைப் படிக்கலாம். கப்ளரை, அதாவது வயர்களைப் பெடலோடு இணைக்கும் பிளக்கை, கழற்றி மாட்டியதே வேலை செய்திருக்கிறது என்றும் படிக்கலாம். இரண்டில் எது என்று முடிவாகும்வரை கப்ளரில் கை வைக்கக் கூடாது. அடுத்து வரும் எல்லா அளவுகளும் கப்ளர் மாட்டியபடியே எடுக்கப்பட்டவை.

கோடு சொல்வதும் சொல்லாததும்

ஈசியுவில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இரண்டு கோடுகள் பதிவாகியிருந்தன: பி2138, பி2106. இரண்டாவது வெறும் விளைவு; ஈசியு என்ஜின் சக்தியைத் தானே கட்டுப்படுத்தியது என்பதைத்தான் அது பதிவு செய்கிறது. அதைத் துரத்திப் போனால் நேரம்தான் வீண்.

பி2138 என்றால் பெடலின் டி, ஈ என்ற இரண்டு சிக்னல்களும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று பொருள். ஓபிடி (வண்டி தன் பழுதைத் தானே கண்டறியும் முறை) கோடுகளில் ஏ, பி, சி என்ற எழுத்துகள் த்ராட்டில் சென்சாரையும் டி, ஈ, எஃப் என்பவை பெடல் சென்சாரையும் குறிக்கும். ஆகவே டி, ஈ என்று வந்தால் காலடியில் தேட வேண்டும். த்ராட்டில் பாடிக்கு ஏ, பி ஒப்பீடு தவறும்போது வருவது பி2135. இரண்டு எண்களும் பார்வைக்கு நெருக்கமாக இருப்பதால் குழம்பிப்போய் த்ராட்டில் பாடியைக் கழற்றுவது அடிக்கடி நடக்கிறது. இந்த வண்டியிலும் முதலில் நடந்தது அதுவே.

பதிவாகாத கோடுகளையும் கவனிக்க வேண்டும். 5 வோல்ட் சப்ளை விழுந்திருந்தால் பி0641 அல்லது பி0651 கூட வந்திருக்கும். ஒரு சிக்னல் முழுவதுமாக அறுந்திருந்தால் அல்லது ஷார்ட் ஆகியிருந்தால் பி2122, பி2123, பி2127, பி2128 இவற்றில் ஒன்று வந்திருக்கும். எதுவுமே இல்லை. அப்படியென்றால் இரண்டு சிக்னல்களும் தத்தம் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன, ஆனால் ஒன்று பொய் சொல்கிறது. அறுந்த வயரை இங்கே தேட வேண்டியதில்லை. சிறிய அளவில், சிறிது நேரத்துக்கு எங்கோ வோல்ட் நகர்கிறது.

ஃப்ரீஸ் ஃபிரேமில் (கோடு பதிவான கணத்தின் அளவுகளை ஈசியு சேமித்து வைப்பது) இருந்தவை: வேகம் 34 கி.மீ., கூலன்ட் 91 டிகிரி, பெடல் டி 18 சதவீதம். கடைசி எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது கணக்கோடு அச்சாகப் பொருந்தும்.

இந்தப் பெடல் எப்படிப் பேசுகிறது

பெடலின் மேல் முனையில் இரண்டு ஹால் சென்சார்கள், காந்தப் புலத்தை வைத்துப் பெடலின் நிலையை அளப்பவை. ஒவ்வொன்றுக்கும் தனி 5 வோல்ட் சப்ளை, தனி எர்த், தனி சிக்னல். ஆக மொத்தம் ஆறு வயர். கால் வைக்காதபோது முதல் சிக்னல் 0.75 வோல்ட், முழுக்க மிதித்தால் 4.00 வோல்ட். இரண்டாம் சிக்னல் எப்போதும் முதலாவதில் பாதி: 0.375 முதல் 2.00 வோல்ட் வரை. ஈசியு இரண்டாவதை இரண்டால் பெருக்கி முதலாவதோடு ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வித்தியாசம் ஒரு வரம்பைத் தாண்டி, குறிப்பிட்ட நேரத்துக்கு நீடித்தால் பி2138 பதிவாகிறது.

எல்லாப் பெடலும் பாதிக் கணக்கு அல்ல. சில தயாரிப்புகளில் இரண்டு சிக்னல்களும் ஒரே சரிவில் ஏறும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 0.8 வோல்ட் நிரந்தர இடைவெளி இருக்கும். சில பழைய வண்டிகளில் மூன்று சிக்னல் உண்டு. கப்ளர் ஒன்றுபோலவே பொருந்துகிறது என்று வேறு பார்ட் நம்பர் பெடலை மாட்டினால், சாவி போட்டதுமே பி2138 வந்து உட்கார்ந்துகொள்ளும். எத்தனை முறை அழித்தாலும் போகாது. அதனால் முதல் வேலையே, மாட்டியிருக்கும் பெடலின் பார்ட் நம்பர் இந்த வண்டிக்கு உரியதா என்று பார்ப்பது. இங்கே எண் சரி. கோளாறு விட்டு விட்டு வருவதாலும் இந்தச் சந்தேகம் தள்ளுபடி.

சாதாரண ஸ்கேனரிலும் இரண்டு சிக்னல்களையும் பார்க்கலாம்: ஓபிடி நேரலைத் தரவில் 49-ஆம் எண் பெடல் டி, 4ஏ பெடல் ஈ. பல வண்டிகளில் இந்தச் சதவீதம் 5 வோல்ட்டுக்கு எத்தனை பங்கு என்பதையே காட்டுகிறது. 0.75 வோல்ட் என்றால் 15 சதவீதம், 0.375 என்றால் 7.5 சதவீதம். கால் வைக்காமலேயே 15 சதவீதம் காட்டுகிறதே, பெடல் சிக்கிக்கொண்டதோ என்று பதற வேண்டாம். முழுக்க மிதித்தும் 80-ஐத் தாண்டாததும் இயல்புதான்.

பெடல் கோளாறா, த்ராட்டில் பாடி கோளாறா என்று வண்டியின் நடத்தையிலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம். த்ராட்டில் பாடியின் சென்சாரோ மோட்டாரோ சந்தேகத்துக்கு உள்ளானால் ஈசியு மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். தகடு ஸ்பிரிங்கின் பிடியில் சற்றே திறந்த நிலையில் நின்றுவிடும். ஐடிலிங் வழக்கத்தைவிட உயரும், பெடல் மிதித்தாலும் தகடு அசையாது. பெடல் சிக்னலில் கோளாறு என்றால் த்ராட்டில் மோட்டார் உயிரோடுதான் இருக்கும். பெரும்பாலான ஈசியுக்கள் இரண்டு சிக்னல்களில் குறைவானதை நம்பி, மெதுவாகவும் குறைவாகவும் திறக்கும். "முழுக்க மிதித்தாலும் ஊர்கிறது" என்ற புகார் இந்த இரண்டாவது வகை.

கப்ளரைக் கழற்றாமல் எடுத்த அளவுகள்

டாஷ்போர்டின் கீழ்ப் பகுதியில் ஏர்பேக் வயரிங் ஓடும். மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை எதையும் தொடக் கூடாது. அளவெடுக்க மெல்லிய பேக்-புரோப் ஊசி போதும். கப்ளரின் பின்பக்கம் வயரை ஒட்டி, ரப்பர் சீலைக் கிழிக்காமல் நுழைக்க வேண்டும். வயரின் தோலைக் குத்தி அளப்பது இன்றைக்கு எளிது. ஈரம் ஏறி உள்ளே பச்சை பூத்த பிறகு அந்த வயர் இன்னொரு கோளாறாக வரும். அதைவிட மோசமான பழக்கம், கழற்றிய கப்ளரின் முன்பக்கத் துளையில் மல்டிமீட்டரின் தடித்த முனையைத் திணிப்பது. ஃபீமேல் டெர்மினலின் (எதிர்ப் பக்கப் பின் நுழையும் உலோக முனை) ஸ்பிரிங் விரிந்துபோகும், மறுபடி இறுகாது.

இக்னிஷன் ஆன், என்ஜின் ஆஃப். பேட்டரி நெகடிவை ஆதாரமாக வைத்து எடுத்தவை: முதல் சப்ளை 5.01 வோல்ட், இரண்டாம் சப்ளை 5.00 வோல்ட். முதல் எர்த் 4 மில்லிவோல்ட், இரண்டாம் எர்த் 3 மில்லிவோல்ட். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சென்சார் எர்த் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சிக்னல்கள் 0.75, 0.375. பெடலை 5 விநாடி எடுத்து மெதுவாக அழுத்தி, 5 விநாடி எடுத்து விட்டாலும் பாதிக் கணக்கு எங்கும் குலையவில்லை.

பெடல் மாற்றப்படுவதற்கு முன்பு எடுத்த அளவுகளும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். 5 வோல்ட் வருகிறது, எர்த் நன்றாக இருக்கிறது, கோடு பெடல் சென்சாரைச் சொல்கிறது. எனவே பெடல் போய்விட்டது. இந்தக் கோர்வையில் ஒரு ஓட்டை இருக்கிறது. பேக்-புரோப் ஊசி தொடுவது ஹார்னெஸ் (வயர்க் கட்டு) பக்க டெர்மினலை. அந்த டெர்மினலும் பெடல் பக்கப் பின்னும் தொட்டுக்கொள்ளும் இடம் அதற்கு அப்பால் இருக்கிறது. அங்கே 20 ஓம் தடை இருந்தாலும் மீட்டர் எர்த்தில் 3 மில்லிவோல்ட்தான் காட்டும். கப்ளரைக் கழற்றி ஈசியுவரை ஓம் பார்த்தாலும் 0.3 ஓம்தான் வரும். தடை இருந்த தொடுமுனையையே அப்போது பிரித்துவிட்டோம். வயரிங் பரிசோதனை முழுவதும் தேறி, கோளாறு மட்டும் மிஞ்சும்.

அசைத்துப் பார்த்தபோது

பெடலைத் தொடாமல், ஹார்னெஸை மட்டும் கப்ளரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெதுவாக நாலா பக்கமும் இழுக்கும் சோதனை. மீட்டர் இரண்டாம் சிக்னலில், குறைந்தபட்சம்-அதிகபட்சம் பதியும் முறையில். இங்கே ஒரு நுணுக்கம்: பல மீட்டர்களின் அந்த முறை, வோல்ட் ஏறக்குறைய 100 மில்லி விநாடியாவது நிலைத்தால்தான் பதியும். தட்டித் தட்டிப் பார்த்தால் தவறவிடும். ஒவ்வொரு பக்கமும் இழுத்து இரண்டு விநாடி அப்படியே பிடித்திருக்க வேண்டும்.

மேலும் கீழும் இழுத்ததில் ஒன்றுமில்லை. ஸ்டீயரிங் பக்கமாக இழுத்தபோது இரண்டாம் சிக்னல் 0.375-இலிருந்து 0.56 வோல்ட்டுக்கு ஏறியது. விட்டதும் இறங்கியது. முதல் சிக்னல் 0.75-இலேயே நின்றது. இரண்டாம் எர்த் பின்னில் அதே நேரத்தில் 3 மில்லிவோல்ட், இரண்டாம் சப்ளையில் 5.00, இரண்டுமே அசையவில்லை.

இரண்டு சேனல் ஸ்கோப் (வோல்ட்டைத் திரையில் அலையாக வரையும் கருவி) இருந்தால் இன்னும் தெளிவு. விநாடிக்கு ஒரு கட்டம், ரோல் முறை. முதல் சேனலிலிருந்து இரண்டாவதின் இரு மடங்கைக் கழிக்கும் கணக்குக் கோடு. நல்ல பெடலில் மிதித்தாலும் விட்டாலும் அந்தக் கோடு பூஜ்ஜியத்திலேயே படுத்திருக்கும். கோளாறு வரும் கணத்தில் மட்டும் கீழே குதிக்கும். இரண்டு அலைகளை மாறி மாறிக் கண்ணால் ஒப்பிடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஸ்கேனரில் பார்ப்பதானால் 49, 4ஏ இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். பத்து அளவுகளை ஒன்றாகக் கேட்டால் ஒவ்வொன்றும் புதுப்பிக்கப்படும் வேகம் விழுந்து, அரை விநாடிக் கோளாறு இடைவெளியில் நழுவிவிடும்.

எந்த வயர் என்று கணக்கே சொல்கிறது

இந்த வழக்கின் மையம் இதுதான். சிக்னல் நகர்ந்த விதத்திலிருந்து தடை எந்தப் பின்னில் இருக்கிறது என்று கப்ளரைப் பிரிக்காமலேயே சொல்லிவிடலாம்.

ஹால் சென்சாரின் வெளியீடு, அதற்குக் கிடைக்கும் சப்ளைக்கும் எர்த்துக்கும் இடைப்பட்ட வோல்ட்டில் ஒரு பங்கு. இரண்டாம் சென்சார் கால் வைக்காதபோது 7.5 சதவீதம், முழு மிதியில் 40 சதவீதம் தருகிறது. எர்த் தொடுமுனையில் 0.2 வோல்ட் விழுகிறது என்று வைப்போம். சென்சாரின் எர்த் முனை இப்போது பூஜ்ஜியத்தில் இல்லை, 0.2-இல் நிற்கிறது, அதற்குக் கிடைப்பது 4.8 வோல்ட். கால் வைக்காதபோது 0.2 கூட்டல் 4.8-இல் 7.5 சதவீதம்: 0.56 வோல்ட். முழு மிதியில் 0.2 கூட்டல் 4.8-இல் 40 சதவீதம்: 2.12 வோல்ட். பிழை கீழே 0.185, மேலே 0.12. அதாவது எர்த் தடை சிக்னலை உயர்த்தும். பெடல் மேலே இருக்கும்போது பிழை அதிகம், மிதிக்க மிதிக்கக் குறையும்.

சப்ளைத் தொடுமுனையில் அதே 0.2 வோல்ட் விழுந்தால் படம் தலைகீழ். கால் வைக்காதபோது 0.36, முழு மிதியில் 1.92. சிக்னல் இறங்கும், பிழை கீழே கண்ணுக்குத் தெரியாது, மேலே பெரிதாகும். ஓட்டுநர் மொழியில், இது ஓவர்டேக் செய்ய அழுத்தி மிதிக்கும்போது வரும் கோளாறு. சிக்னல் வயரின் தொடுமுனையில் இருபது முப்பது ஓம் தடை வந்தால் ஏறக்குறைய எதுவும் ஆகாது, ஏனென்றால் அந்த வயரில் ஓடும் மின்னோட்டம் மிகச் சொற்பம். தடை கிலோ ஓம் கணக்கில் ஏறினால்தான் ஈசியுவின் உள்ளீட்டுத் தடையோடு பங்கு போட்டுக்கொண்டு சிக்னல் விகித அளவில் நகரும்.

இனி அளந்தவை. ஹார்னெஸைக் கோளாறு வரும் திசையில் பிடித்துக்கொண்டு பெடலை மூன்று இடத்தில் நிறுத்தினார்கள். முதல் சிக்னல் 0.75, 2.40, 4.00. இரண்டாம் சிக்னல் 0.56, 1.35, 2.12, இருந்திருக்க வேண்டியவை 0.375, 1.20, 2.00. பிழை 0.185, 0.15, 0.12 என்று இறங்கிக்கொண்டே போகிறது. எர்த் தடைக்கான கணக்கு அப்படியே. ஹார்னெஸ் பக்கம் எர்த் 3 மில்லிவோல்ட் என்பதால் தடை அதற்கு அப்பால்: இரண்டாம் எர்த்தின் தொடுமுனையிலோ, பெடலுக்கு உள்ளேயோ. ஒரு சென்சாருக்குச் சுமார் 10 மில்லி ஆம்ப் என்று கொண்டால் 0.2 வோல்ட்டுக்கு 20 ஓம். நல்ல தொடுமுனையில் சில மில்லி ஓம்தான் இருக்க வேண்டும்.

பெடலுக்கு உள்ளே என்ற சாத்தியம் ஏன் தள்ளுபடி? பெடலைத் தொடாமல் ஹார்னெஸை இழுத்தால் மட்டும் வருகிறது. இதற்கு முந்தைய பெடலிலும் இதே கோடுதான்.

ஃப்ரீஸ் ஃபிரேமின் 18 சதவீதமும் இப்போது புரிகிறது. கால் வைக்காதபோது 15 என்றால் 18 என்பது லேசான தொடுகை. ஒப்பீட்டு வித்தியாசம் கீழ் முனையில் 0.37 வோல்ட், மேல் முனையில் 0.24 வோல்ட். வரம்பைத் தாண்ட அதிக வாய்ப்புள்ள இடம் லேசான மிதிதான். புகாரும் அதையே சொன்னது.

கழற்றிய பிறகு

இத்தனையும் குறித்து, ஹார்னெஸ் எப்படிக் கிடந்தது என்று படமும் எடுத்த பிறகே கப்ளர் கழற்றப்பட்டது. பேட்டரி நெகடிவைப் பிரித்துச் சில நிமிடம் காத்திருந்து.

ஃபீமேல் பக்கத்தில் ஓர டெர்மினல், இரண்டாம் எர்த், மற்ற ஐந்தைவிடக் கருத்திருந்தது. தகரப் பூச்சின் மேல் பின் உரசும் இடத்தில் கருப்புப் பொட்டு. அதே அளவுள்ள ஆண் பின்னைத் தனியாக எடுத்து ஒவ்வொரு டெர்மினலிலும் நுழைத்து இழுத்துப் பார்க்கும் சோதனையில் ஐந்து டெர்மினல்கள் பின்னைப் பற்றி இழுத்தன. ஆறாவதில் எந்தப் பிடிப்பும் இல்லாமல் பின் வழுக்கி வெளியே வந்தது. இந்தச் சோதனைக்குச் சரியான அகலப் பின்தான் வேண்டும்; குண்டூசியோ மீட்டர் முனையோ ஆகாது.

காரணம் ஒரு கை தள்ளிக் கிடைத்தது. அலாரத்தின் வயர்களை ஒதுக்கிக் கட்டியவர்கள் பெடல் ஹார்னெஸையும் சேர்த்து ஒரே கேபிள் டையில் ஸ்டீயரிங் காலம் பிராக்கெட்டோடு இறுக்கியிருந்தார்கள். ஹார்னெஸில் தளர்வே இல்லை. பெடல் பிராக்கெட் ஒரு விதமாகவும் ஸ்டீயரிங் காலம் வேறு விதமாகவும் அதிரும். அந்த வேறுபாடு முழுவதும் கப்ளரில் வந்து இறங்கியது. ஆறு வயரில் ஓரத்தில் இருந்த, நீளம் குறைந்த வயர்தான் இழுவையைத் தாங்கியது.

இப்படித் தொடர்ந்து நடக்கும் மிக நுண்ணிய உரசல், ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு அசைவு, தகரப் பூச்சுக்கு எமன். உரசும் ஒவ்வொரு முறையும் மேற்பரப்பு பெயர்ந்து, காற்றில் ஆக்ஸைடாகி, அந்தத் தூள் தொடுமுனைக்குள்ளேயே தங்குகிறது. ஆக்ஸைடு மின்சாரம் கடத்தாது. கப்ளரை ஒருமுறை கழற்றி மாட்டினால் பின் நீளமாக உரசி அந்தப் படலத்தைச் சுரண்டிவிடும். தொடுமுனை புதிதுபோல் ஆகும். கேபிள் டை அப்படியே இருப்பதால் உரசல் தொடரும், படலம் மறுபடி சேரும். புது பெடலுக்குக் கிடைத்த 6 வாரம் அதற்கு ஆன நேரம். எடுத்து வைத்திருந்த பழைய பெடலைப் பழுது முடிந்த பிறகு மாட்டிச் சோதித்தார்கள்: 0.75, 0.375, 4.00, 2.00. அதில் எந்தக் குறையும் இல்லை.

செய்த பழுது

கேபிள் டை வெட்டப்பட்டது. அலாரம் வயர்கள் தனியே கட்டப்பட்டன. பெடல் ஹார்னெஸுக்கு அதன் சொந்தக் கிளிப்பிலிருந்து கப்ளர்வரை 30 முதல் 40 மில்லிமீட்டர் தளர்வு. அதைவிட அதிகமாக விட்டால் காலில் சிக்கும், பெடல் நகரும் பாதையில் விழும். பெடலைக் கையால் முழு அளவு இயக்கி எங்கும் உரசவில்லை என்று பார்க்க வேண்டும்.

கருத்த டெர்மினலை ஊசியால் நெருக்கி மறுபடி மாட்டுவது பழுது ஆகாது. பிடிப்புபோல் தெரியும், பூச்சு போனது போனதுதான். கான்டாக்ட் கிளீனர் அடிப்பதும் கழற்றி மாட்டுவதன் இன்னொரு வடிவமே. புது டெர்மினல் போடப்பட்டது: அதே குடும்பம், அதே அகலம், அதே தகரப் பூச்சு. எதிர்ப் பின் தகரமாக இருக்கும்போது தங்கப் பூச்சு டெர்மினல் உயர்ந்தது என்று போடக் கூடாது; இரண்டு உலோகமும் கலந்தால் அரிப்பு கூடும். பழைய டெர்மினலை அதற்குரிய கருவியால் பூட்டை நெகிழ்த்தி எடுத்து, வயர் பழைய நீளத்துக்குக் குறையாமல் இருக்க, அதே பருமனில் சுமார் 150 மில்லிமீட்டர் இணைப்பு வயர் சேர்க்கப்பட்டது. இணைப்பு கப்ளரிலிருந்து தள்ளி, கிரிம்ப் செய்து (உலோகக் குழலைக் கருவியால் நெரித்து), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு. டெர்மினலில் ஈயம் வைக்கவில்லை. ஈயம் வயருக்குள் ஏறி இறுகினால், அது முடியும் இடத்தில் அதிர்வு வயரை ஒடித்துவிடும். கிரிம்ப் செய்ததும் கையால் திடமாக இழுத்துப் பார்ப்பது கட்டாயம். டெர்மினல் கப்ளர் உறைக்குள் போய் 'டிக்' என்று பூட்டியபின் வயரை மெல்லப் பின்னால் இழுத்து, வெளியே வரவில்லை என்றும் உறுதி செய்ய வேண்டும்.

மற்ற ஐந்து டெர்மினல்களும் பிடிப்புச் சோதனையில் தேறியதால் விடப்பட்டன. ஒன்று தளர்வாக இருந்து இன்னொன்று சந்தேகமாகவும் இருந்தால், கப்ளரோடு வயர் சேர்ந்த ரிப்பேர் கிட் போட்டு ஆறையும் மாற்றுவது நல்லது. அப்போது ஆறு இணைப்புகளும் ஒரே இடத்தில் குவியாமல் படிப்படியாகத் தள்ளித் தள்ளி வர வேண்டும்.

அளவுகள் வேறாக இருந்திருந்தால்

5 வோல்ட் சப்ளையே 3 அல்லது 4 வோல்ட்டுக்கு விழுந்திருந்தால் பெடலை விட்டுவிட்டு அந்தச் சப்ளையை வேறு யார் பகிர்கிறார்கள் என்று வயரிங் படத்தில் பாருங்கள். ஏசி பிரஷர் சென்சார், மேனிஃபோல்டு பிரஷர் சென்சார் போன்றவை அதே சப்ளையில் தொங்குவது உண்டு. மீட்டரை 5 வோல்ட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினால், குற்றவாளியைக் கழற்றும் நொடியில் 5 வோல்ட் நிமிரும்.

பழைய வகை உரசு தட சென்சார் என்றால் வேறு நோய். கால் அதிகம் நிற்கும் தொடக்கப் பகுதியில் கார்பன் தடம் தேய்ந்து, மெதுவாக மிதிக்கும்போது குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் சிக்னல் குதிக்கும். எப்போதும் அதே பெடல் கோணம், ஹார்னெஸை அசைத்தால் மாற்றமில்லை: அப்போது பெடலை மாற்றத் தயங்க வேண்டாம். அந்த வகையில் ஓம் பார்க்கலாம். ஹால் வகையில் ஓம் பார்ப்பதில் பயன் இல்லை. மீட்டரின் மின்சாரம் உள்ளிருக்கும் சிப்புக்குள் போய் அர்த்தமற்ற எண்ணைத்தான் தரும்.

கோடே இல்லாமல் ரேஸ் விழுந்தால் பிரேக் சுவிட்சைப் பாருங்கள். பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒன்றாக மிதிக்கப்பட்டதாகத் தெரிந்தால் பல வண்டிகள் த்ராட்டிலைக் குறைத்துவிடும். சுவிட்ச் சிக்கினால் பெடல் சென்சார்மேல் வீண்பழி விழும். ஸ்கேனரில் பிரேக் நிலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினால் ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும்.

பெடல் சிக்னல்கள் இரண்டும் சுத்தமாக இருந்து த்ராட்டில் தகடு மட்டும் சொன்னபடி கேட்கவில்லை என்றால், 4சி என்ற கட்டளை அளவையும் 11 என்ற த்ராட்டில் நிலையையும் ஒப்பிடுங்கள். பல த்ராட்டில் பாடிகளில் ஒரு சிக்னல் ஏற மற்றது இறங்கும். இரண்டின் கூட்டல் எப்போதும் 5 வோல்ட்டை ஒட்டியே இருக்க வேண்டும். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது த்ராட்டிலுக்குள் விரலை விடவே கூடாது. அந்த மோட்டார் தகட்டை மூடும் வேகத்தில் விரலை எடுக்க நேரம் இருக்காது.

சரிபார்த்தது

பேட்டரி மாட்டி, இக்னிஷன் ஆன் செய்து, பெடலைத் தொடாமல் சில விநாடி விட்டார்கள். பல ஈசியுக்கள் அப்போதுதான் பெடலின் ஓய்வு நிலையைப் படித்துக்கொள்கின்றன. பேட்டரி பிரித்ததால் த்ராட்டில் அடாப்டேஷன் (தகட்டின் நிலையை ஈசியுவுக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது) ஸ்கேனர் வழியாகச் செய்யப்பட்டது. கோடுகள் அழிக்கப்பட்டன.

கோடு திரும்பி வரவில்லை என்பதை மட்டும் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்ளரைக் கழற்றி மாட்டிய எந்த வண்டியிலும் சில வாரம் வராது. முன்பு கோளாறை வரவழைத்த அதே அசைவை, அதே திசையில், முன்பைவிட வலுவாகக் கொடுத்து அளந்தார்கள். இரண்டாம் சிக்னல் குறைந்தபட்சம் 0.37, அதிகபட்சம் 0.38. அடுத்து ஃப்ரீஸ் ஃபிரேமின் நிலைமை: என்ஜின் சூடேறி 90 டிகிரியைத் தாண்டிய பிறகு, மோசமான சாலையில், 30 முதல் 40 கி.மீ. வேகத்தில், பெடல் 16 முதல் 20 சதவீதத்துக்குள், ஸ்கோப் ஓடிக்கொண்டிருக்க 25 நிமிடம். கணக்குக் கோடு பூஜ்ஜியத்தை விட்டு அசையவில்லை.

8 வாரம் கழித்து, முந்தைய 6 வார அவகாசம் தாண்டிய பிறகு, கப்ளரைக் கழற்றாமலேயே இரண்டு சிக்னல்களும் மறுபடி அளக்கப்பட்டன. ஹார்னெஸை ஸ்டீயரிங் பக்கமாக இழுத்துப் பிடித்த நிலையில் 0.75, 0.375.